வால் ஒட்டாத சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'டின்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினால், 'டி, ஐ, என்' என்று எழுத்துகளைப் பிசகில்லாமல் சொல்லும். 'சேத்து வாசி மக்களே' என்றால் நம் முகத்தைப் பார்க்கும். இல்லையென்றால் 'டியையென்' என்று எதையாவது சொல்லும். பிள்ளை மந்தமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். டியூஷனில் சேர்க்கிறார்கள். அங்கேயும் அதே 'டி, ஐ, என்' பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. நாம் கொடுத்ததைச் சேர்த்தால் 'டின்' வராது, அவ்வளவுதான். 'டி' என்பது எழுத்தின் பெயர். அதன் சத்தம் 'ட்'. 'ட், இ, ன்' என்று கொடுத்தால்தான் ஒட்டும்.

எழுத்தின் பெயரைத் தள்ளிவைத்து, அதன் சத்தத்தைக் கொண்டு வாசிக்கப் பழக்குவதுதான் ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் எழுத்து 26, சத்தம் ஏறக்குறைய 44. அதனால் இரண்டு எழுத்து கூடி ஒரு சத்தம் தருவதும், ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறி ஒலிப்பதும் உண்டு. அதெல்லாம் பிற்பாடு. குமரி மாவட்டத்தில் அங்கன்வாடி முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களுக்கு, முதல் மூன்று மாதச் சிக்கல்தான் பெரிய சிக்கல். அதில் பெரும்பகுதி பெரியவர்கள் சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கும் விதத்திலேயே இருக்கிறது.

வால் எங்கே ஒட்டுகிறது

'ட்' என்று மட்டும் சொல்லுங்கள் என்றால் பெரியவர்களே மூன்று விதமாக வால் ஒட்டுவார்கள். சிலர் 'ட' என்று அகரம் சேர்ப்பார்கள். சிலர் 'ட்டு' என்பார்கள். பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் கப்பை 'கப்பு' என்றும் பேசிப் பழகிய நாக்கு அது. மூன்றாவது வால் முன்னால் ஒட்டுவது. மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று ராகம் போட்டு ஒப்பித்த பிள்ளை 'இட்' என்கிறது. 'இட், இ, இன்' மூன்றையும் சேர்த்தால் 'இட்டியின்'. 'ட, இ, ன' சேர்த்தால் 'டயின'. எந்த வாலோடும் 'டின்' கிடைக்காது.

வாலை அறுக்க நல்ல வழி ரகசியக் குரல். 'ப், ட், க்' மூன்றையும் தொண்டையில் குரல் எழுப்பாமல், காதோடு குசுகுசுப்பது போலச் சொன்னால் உயிர் எதுவும் ஒட்டாது. வகுப்பில் சொல்வதற்கு முன் வீட்டில் கண்ணாடி முன்னால் நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். வாய் தானாக அகலத் திறந்தால் அகரம் ஒட்டிவிட்டது. உதடு குவிந்தால் உகரம்.

'ஸ், ம், ன், ஃப், ல், ர்' வேறு ரகம். மூச்சு இருக்கிற வரை இழுக்கலாம்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம். 'ம்' சொல்ல உதட்டை மூடி முனகினால் போதும். 'மா', 'எம்' எதுவும் வேண்டாம். சேர்த்து வாசிக்க முதலில் கொடுக்கும் சொற்கள் இந்த இழுபடும் சத்தத்தில் தொடங்குவதாக இருக்கட்டும். 'ட்', 'ப்' தொட்ட உடனே முடிந்துவிடும். பிள்ளை அதை அடுத்த சத்தத்தோடு ஒட்டுவதற்குள் அது காற்றில் போய்விடும். 'ஸ்' காத்திருக்கும்.

எழுத்து வரிசையில் 'ஏ, பி, சி, டி' வேண்டாம். எஸ், ஏ, டீக்கடையில் வரும் டி, பென்சிலில் வரும் பி, ஐ, என் ஆகிய ஆறில் தொடங்குங்கள். பல நாடுகளில் கைக்கொள்ளும் வரிசை இது. காரணம் எளிது. இந்த ஆறு எழுத்துக்குள்ளேயே சிட், சிப், நிப், நேப், டின், பின், டிப், டேப் என்று ஏகப்பட்ட மூன்று சத்தச் சொற்கள் கிடைக்கின்றன. இரண்டாம் வாரத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லை வாசித்துவிடும். அந்த முதல் சொல் தருகிற தைரியத்தை வேறு எதுவும் தராது. வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்று புதுச் சத்தம் போதும். நாளுக்கொன்று என்று ஓடினால் வெள்ளிக்கிழமை வரும்போது திங்கட்கிழமைச் சத்தம் போயிருக்கும்.

சேர்க்கும்போது நடுவில் இடைவெளி விடுவதுதான் அடுத்த பிழை. 'ஸ்… இ… ட்' என்று தனித்தனியாகச் சொன்ன பிள்ளை கடைசியில் 'டிஸ்' என்றோ 'இட்' என்றோ முடிக்கும். மூன்றாவது சத்தம் வருவதற்குள் முதலாவது மறந்துபோகிறது. ஆகவே முதல் இரண்டையும் முதலில் ஒட்டுங்கள்: 'ஸ்ஸ்ஸி'. பிறகு 'ஸி… ட்'. பிறகு 'ஸிட்'. 'ச்' கூட 'இ' சேர்ந்தால் 'சி' என்று ஓரெழுத்தாகவே பார்த்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இந்த முறை இயல்பாக வருகிறது. உயிர்மெய் என்ற கருவி அதன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில வகுப்பில் அதை மறைத்து வைக்க வேண்டிய அவசியம் என்ன?

இதையே கையால் செய்யலாம். வலது கையால் இடது தோளைத் தொட்டு 'ஸ்', முழங்கையில் 'இ', மணிக்கட்டில் 'ட்'. பிறகு தோளிலிருந்து விரல் வரை ஒரே வழியாகத் தடவிக்கொண்டே 'ஸிட்'. தடவல் நிற்காமல் இருந்தால் குரலும் நிற்காது.

பாட்டி 'ப்', தம்பி 'ப்'

நம் பிள்ளைகளுக்கே உரிய பெரிய தடை இது. வெளிநாட்டில் தயாரான பாடமுறைகளில் இதற்கு மருந்து இருக்காது. பன்றிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். 'பெரிய' என்பதற்கு ஒரு சொல். முதல் சத்தம் ஒன்றில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்'. தமிழில் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு இரண்டு சத்தத்தையும் எழுதுகிறோம். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்தமான சத்தம், 'ம்' கழித்து வந்தால் அதிரும் சத்தம் என்று நாக்குக்கே தெரியும். தெரிந்தே செய்வதில்லை என்பதால் பிள்ளையின் காதுக்கு அது வேறுபாடாகப் படுவதில்லை.

ஆனால் அந்த அதிரும் சத்தத்தைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 'தம்பி'யில் வரும் 'ப்' அதுதான். 'வண்டி'யில் வரும் 'ட்', 'நுங்கு'வில் வரும் 'க்', 'இஞ்சி'யில் வரும் 'ச்' எல்லாம் அப்படியே. எதிர்ப்பக்கத்தில் 'பாட்டி'யின் 'ப்', 'பாட்டு'வின் 'ட்', 'காக்கா'வின் 'க்', 'பச்சை'யின் 'ச்'. வகுப்பில் இந்தப் பெயராலேயே அழையுங்கள்: பாட்டி ப், தம்பி ப்; பாட்டு ட், வண்டி ட்; காக்கா க், நுங்கு க்; பச்சை ச், இஞ்சி ச். இப்படிச் சொன்னால் வீட்டில் ஆங்கிலமே தெரியாத பெரியவர்களுக்கும் எந்தச் சத்தம் என்று புரியும்.

தம்பி 'ப்'பைத் தனியே பிரித்தெடுக்கும் முறை: 'தம்ம்ம்பி' என்று உதட்டை மூடி நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து 'த'வை விட்டுவிட்டு 'ம்ம்ம்பி'. பிறகு முனகலைக் குறைத்து 'ம்பி'. கடைசியில் உதட்டை மூடித் தொண்டையில் அதிர்வு தொடங்கிய உடனே திறந்தால் தம்பி 'பி' தனியாக விழும். அதன்பின் உயிரை மாற்றுங்கள்: 'ம்பா, ம்பே, ம்பிக்'. முதல் சில நாள் முன்னால் லேசாக 'ம்' கேட்டால் திருத்த வேண்டாம், தானாக உதிரும். 'வண்டி'யை வைத்து 'ட்', 'நுங்கு'வை வைத்து 'க்' இதே வழிதான்.

வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்தால் பாட்டி 'ப்'புக்குக் காகிதம் ஆடும், தம்பி 'ப்'புக்கு ஆடாது என்று ஆங்கிலக் கையேடுகளில் இருக்கும். நம் ஊரில் இது வேலை செய்யாது. ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் அந்தச் சத்தத்தைக் காற்றோடு வெடித்துச் சொல்வார்கள்; நாம் காற்றில்லாமல் சொல்கிறோம். காகிதம் இரண்டுக்கும் சும்மா இருக்கும், பிள்ளை குழம்பும். அதற்குப் பதில் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். அதிரும் சத்தத்துக்கு மண்டைக்குள் ரீங்காரம் கேட்கும். இதையும் 'ப்'பில் தொடங்காமல் நீண்ட சத்தத்தில் தொடங்குவது நல்லது. 'ஸ்ஸ்ஸ்' சொன்னால் காற்று மட்டும்; மிருகக்காட்சிசாலையைக் குறிக்கும் 'ஜூ'வின் முதல் சத்தத்தை இழுத்தால் தேனீ போல இரையும். அந்த வேறுபாடு புரிந்தபின் 'ப்'புக்கு வரலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ம், ன், ங்' கழித்து வந்தால் எதையும் அதிரச் செய்வது தமிழ் நாக்கின் வழக்கம். அதனால் கூடாரத்துக்கான 'டென்ட்'டை 'டெண்டு' என்றும், தண்ணீர் இறைக்கும் 'பம்ப்'பைத் 'தம்பி'யின் 'ப்' போட்டும் வாசிக்கும். கடைசிச் சத்தத்தை மட்டும் ரகசியக் குரலில் சொல்ல வைத்தால் சரியாகும்.

கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் மலையாளம் காதில் விழுந்து வளரும் பிள்ளைகளுக்குத் தம்பி 'ப்' சொல்லின் தொடக்கத்தில் வருவது புதிதல்ல. அவர்களுக்கு இந்தப் பகுதியை ஒரு வாரத்தில் கடந்துவிடலாம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் 'காற்று', 'பற்று' என்று சொல்லும்போது வரும் 'ற்ற்'றும் ஒரு நல்ல பிடி. ஆங்கில 'ட்'டுக்கு நாக்கு நிற்கும் இடம் அதுதான். நாக்கை வளைக்கும் நம் 'ட்'டை விட அது நெருக்கம்.

மற்றச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'ஃப்'புக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இதற்குக் காகிதத் துண்டு நன்றாக ஆடும். ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்த பிள்ளைக்கு அது வராது, பல் முளைக்கட்டும். 'எக்' என்பதை 'யெக்' என்றும், 'ஆன்' என்பதை 'வான்' என்றும் தொடங்குவது நம் பேச்சுப் பழக்கம். வாயை முதலிலேயே திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினால் 'ய'வும் 'வ'வும் நுழையாது. தொப்பி, சூடு, குடிசை மூன்றுக்குமான ஹேட், ஹாட், ஹட் ஆகியவற்றை ஒன்றாக வைத்து வாரம் ஒருமுறை காதுக்குப் பழக்குங்கள். 'ஏ' எழுத்தின் சத்தம் 'அ' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் பூனை 'கட்' ஆகிவிடும். 'ஏ' சொல்கிற வாயைத் தாடை இறங்க அகலத் திறந்து, குறுக்கிச் சொன்னால் சத்தம் சரியாக விழும். அதற்கு மேல் உச்சரிப்பைப் போட்டுப் பிழிய வேண்டாம். பிள்ளை லண்டன் பேச்சு பேச வேண்டியதில்லை. இரண்டு சத்தத்தை இரண்டாகக் கேட்டு இரண்டாக எழுதினால் போதும்.

சுவரில் தொங்கும் படம்

கடையில் வாங்கும் எழுத்துப் படங்களை மாட்டுவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். ஐ-க்கு ஐஸ்கிரீம், யு-வுக்கு யூனிஃபார்ம், ஜி-க்கு ஜிராஃப், சி-க்கு சேர், ஏ-க்கு ஏரோப்ளேன் என்று இருந்தால் அந்தப் படம் எழுத்தின் முதல் சத்தத்தைக் கற்பிக்காது. ஐ-க்கு இங்க், யு-வுக்கு அம்ப்ரெல்லா, ஜி-க்கு ஆட்டைக் குறிக்கும் கோட், சி-க்கு பூனையைக் குறிக்கும் கேட், ஏ-க்கு ஆப்பிள் என்று மேலே காகிதம் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்-க்கு எக்ஸ்-ரே உதவாது. 'பாக்ஸ்' என்ற சொல்லின் கடைசியில்தான் அதன் சத்தம் கிடைக்கும்.

தமிழ்ப் படங்களில் வேறொரு சிக்கல், இது நம் மாவட்டத்துக்கே சொந்தம். 'ப'வுக்குப் பலாப்பழம் வரைந்திருக்கும். நம் பிள்ளை அதைப் பார்த்து 'சக்கை' என்கிறது. 'க'வுக்குக் கத்தரிக்காய், பிள்ளை சொல்வது 'வழுதலங்காய்'. ஆகவே 'ப'வைக் காட்டினால் 'ச' என்றும் 'க'வைக் காட்டினால் 'வ' என்றும் வாய் வருவதில் ஆச்சரியமில்லை. படத்தைப் பார்த்த உடனே பிள்ளை வீட்டுச் சொல்லில் என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். எழுத்துக்கு ஒத்துவரும் படமாக மாற்றுங்கள்: 'ப'வுக்குப் பனை, 'ச'வுக்குச் சக்கை, 'க'வுக்குக் கருப்பட்டி, 'ம'வுக்கு மரச்சீனி. புத்தகச் சொல்லைப் பிறகு கற்றுக்கொள்ளட்டும், அது வேறு பாடம்.

அட்டை செய்யக் கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம் அருமையானது. 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரமாக வெட்டி, எழுத்தை 5 செ.மீ. உயரத்தில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து மட்டும். புத்தகத்தில் பெரும்பாலும் இருப்பது அதுதான். உயிரெழுத்து சிவப்பு, மற்றவை நீலம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுவேறு நிற அட்டை அவசியம். தமிழ் 'ப'வும் ஆங்கில 'யு'வும், தமிழ் 'ட'வும் ஆங்கிலப் பெரிய 'எல்'லும் பிள்ளைக் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள்.

தம்பி 'ப்'புக்கும் வண்டி 'ட்'டுக்கும் உரிய சின்ன எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருப்பது எல்லோரும் அறிந்த தலைவலி. ஏழு வயது வரை இந்த மாற்றம் சாதாரணம். முதலாவதைச் சொல்லிக் கொடுத்து, அது கையில் நிலைத்து இரண்டு மூன்று வாரம் ஆனபின் இரண்டாவதைத் தொடங்குங்கள். எழுதத் தொடங்கும் இடமும் வேறாக இருக்கட்டும். முதலாவதுக்கு மேலிருந்து கீழே கோடு, பிறகு வயிறு. இரண்டாவதுக்கு 'சி' எழுதுவது போல வயிற்றில் தொடங்கி, பிறகு கோடு.

தமிழிலும் இதே வழிதான்

தமிழுக்கு ஃபோனிக்ஸ் எதற்கு, எழுதியபடியே வாசிக்கலாமே என்பார்கள். 'க கா கி கீ' என்று முழுப் பாட்டும் பாடும் பிள்ளையிடம் 'கீ' என்ற அட்டையை மட்டும் நீட்டிப் பாருங்கள். மனசுக்குள் 'க'விலிருந்து பாடி வந்துதான் பதில் சொல்லும். மொத்தம் 247 எழுத்தையும் 247 படமாக மனப்பாடம் செய்ய வைத்ததன் விளைவு அது. 12 உயிர், 18 மெய், அவற்றை இணைக்கும் குறிகள், இவ்வளவுதான் உண்மையில் கற்க வேண்டியது. ஆய்தம் பிறகு வரட்டும்.

குறுக்கு வரிசையை விட்டு நெடுக்கு வரிசையில் போங்கள். எளிய வடிவமுள்ள 'ட, ப, ம' மூன்றையும் எடுத்து 'படம், மடம், பட்டம், மட்டம்' வாசிக்க வையுங்கள். அடுத்து ஒரே ஒரு துணைக்கால். 'டா, பா, மா' வந்த உடனே 'மாமா, பாட்டா, பாடம், மாடம்' கைக்கு வந்துவிடும். தாத்தாவைப் 'பாட்டா' என்று கூப்பிடும் நம் பிள்ளைக்கு அந்தச் சொல்லைத் தானே வாசித்தெடுக்கும் நாள் திருநாள்தான். பிறகு அதே துணைக்காலைப் புது மெய்களில் ஏற்றுங்கள். அடுத்து இகரம், ஈகாரம்.

உகரமும் ஊகாரமும் கு, சு, டு, பு, து என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். ஒரே மாதிரி மாறுகிறவற்றைக் கூட்டமாக வைத்துச் சொல்லுங்கள், ஒரே வாரத்தில் எல்லாம் வேண்டாம். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன; சத்தமோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்து வாசிக்கும் பிள்ளை 'கெ'யில் கொம்பைத் தொட்டதும் 'எ' என்று சொல்லி 'எக' ஆக்கிவிடும். கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்துக்கு விரல் தாவ வேண்டும் என்று தனியாக நாலு நாள் பழக்குங்கள். 'கொ, கோ' இருபக்கமும் குறி உள்ளவை, கடைசியாக வரட்டும். வீட்டில் பாட்டா சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் 'லை, ணா, றா' போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதுவார்கள். நோட்டில் எழுதிக் கொடுப்பதை விட்டு வாயால் சொல்லட்டும்.

கொட்டையும் கட்டமும்

எழுதப் பழக்க மூன்று கட்டம் போதும். தரையில் சாக்பீஸால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டம் வரைந்து, பிள்ளை கையில் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். 'டின்' என்று சொன்னதும் 'ட்' சொல்லி ஒன்று, 'இ' சொல்லி ஒன்று, 'ன்' சொல்லி ஒன்று என்று தள்ள வேண்டும். கொட்டை சரியாக நகர ஆரம்பித்தபின் கொட்டை இருந்த இடத்தில் எழுத்து. இதில் இடறும் பிள்ளை நடுக் கட்டத்தை, அதாவது உயிரை விட்டுவிடும். மூன்றாவது கொட்டை மிஞ்சுவதைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். 'தப்பு' என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாலு வயதுக்குக் கீழே என்றால் புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய சிப்பியோ அகலமான மூடியோ கொடுங்கள். ரப்பர் தோட்டத்தில் பொறுக்கிய கொட்டை எந்த வயதுக்கும் ஆகாது, பச்சையாக வாயில் போட்டால் விஷம். பச்சைக் கொல்லாங்கொட்டையின் (முந்திரிக்கொட்டை) தோட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். மணலில் எழுதிப் பழக மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை அள்ளி வராதீர்கள். மோனசைட் என்ற கனிமம் கலந்தது, கதிரியக்கம் உண்டு. ஒரு தட்டில் விரல் தடிமனுக்கு ரவையோ சலித்த ஆற்று மணலோ போதும்.

வீட்டில் பத்து நிமிடம்

விடியும் முன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அப்பா, சாயங்காலம் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையிலிருந்து களைத்து வருகிற அம்மா, இவர்களிடம் ஒரு மணி நேரம் கேட்பது நியாயமில்லை. பத்து நிமிடம் போதும், தினமும் வேண்டும். ஐந்து பழைய அட்டை, புதுச் சத்தம் வந்த நாளில் ஒரு புது அட்டை, மூன்று சொல், அதோடு முடிந்தது. பிள்ளை தப்பாகச் சொன்னால் சத்தத்தை நாமே சொல்லி, கூடச் சொல்ல வைத்து, அந்த அட்டையை இரண்டு அட்டை தள்ளிச் செருகிவிடுங்கள். உடனே மறுபடி வரும். இடையில் அடி, திட்டு, 'நேத்து சொன்னியே' எதுவும் வேண்டாம்.

எழுத்தறியாத பாட்டி வீட்டில் இருந்தால் அது பெரிய பலம். எழுத்துக்கு முன் காது பழக வேண்டும், அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. அரிசி களையும்போதே 'ம்ம்ம்-ல தொடங்குறது சொல்லு மக்களே' என்று கேட்கலாம்: மீன், மாங்கா, முட்டை. 'நெத்திலியில முதல்ல என்ன சத்தம்?', 'சாளையும் சக்கையும் ஒரே மாதிரி தொடங்குதா?', 'தக்கலை'யில் எத்தனை தட்டு, 'நாகர்கோவில்'லில் எத்தனை தட்டு என்று கை தட்டலாம். நம் மோனைதான் இந்த விளையாட்டு. மூன்று வயதில் இதை ஆறு மாதம் விளையாடிய பிள்ளைக்கு எழுத்து பிறகு ஓடி வரும். மூன்று வயதில் நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை நாங்கள் ஏற்பதே இல்லை. விரல் எலும்பும் தசையும் அதற்குத் தயாராக இல்லை.

செல்போனில் வரும் ஃபோனிக்ஸ் பாட்டுகளில் பல வாலோடுதான் சொல்கின்றன. தேர்ந்தெடுக்கும் முன் 'ப், ட், ம்' மூன்றும் எப்படி ஒலிக்கின்றன என்று கேளுங்கள். 'ம' என்றோ 'மஹ்' என்றோ கேட்டால் அந்தப் பாட்டு வேண்டாம்.

வகுப்பறையில்

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது அரசுப் பள்ளிகளுக்குப் பழகிவிட்டது. சத்தப் பயிற்சிக்கும் அந்தப் பிரிவு நன்றாகப் பொருந்தும். எல்.கே.ஜி.க்குப் பத்து நிமிடம், ஒன்றாம் வகுப்புக்கு இருபது நிமிடம். பழைய சத்தம், அன்றைக்கு இருந்தால் புதுச் சத்தம், சேர்த்து வாசித்தல், பிரித்து எழுதுதல் நான்கும் அன்றன்றே நடக்க வேண்டும். திங்கட்கிழமை வாசிப்பு, செவ்வாய்க்கிழமை எழுத்து என்று பிரித்தால் ஒன்று மற்றதைத் தாங்காது.

கூட்டமாகச் சொல்வது குறையை மூடிவிடும். முப்பது பிள்ளைகள் சேர்ந்து 'ஸிட்' என்று முழங்கும்போது பத்துப் பேர் அரை நொடி கழித்துத்தான் வாய் திறக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டுச் சொல்கிறார்கள். நாளுக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் தனியாகக் கேட்டால் வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். கேட்கும்போது படத்தைக் கையால் மூடுங்கள். வாசிக்கிறதா, மனப்பாடமா என்று சந்தேகமாக இருந்தால் அர்த்தமில்லாத சொல் கொடுங்கள்: ஆங்கிலத்தில் 'நிஸ்', 'டேஸ்', தமிழில் 'மடப', 'டாமப'. ஐந்தில் நாலு சரியென்றால் அடுத்த தொகுதிக்குப் போகலாம். மூன்றுக்குக் கீழே என்றால் புதுச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பழையதையே வேறு சொற்களில் கொடுங்கள்.

தனி எழுத்துகள் முடிந்தபின் இரட்டை எழுத்துகள். 'ஷ்', 'ச்', 'த்', 'ங்' தருகிற ஜோடிகள் முதலில். பிறகு நீண்ட 'ஈ', 'ஊ' தருகிற ஜோடிகள். இரண்டுக்கும் சேர்த்து அடியில் ஒரே கோடு போட்டால் பிள்ளை அதை ஒரு சத்தமாகவே பார்க்கும். 'இருந்தது' என்பதற்கான 'வாஸ்', 'சொன்னான்' என்பதற்கான 'செட்', எண் ஒன்றுக்கான 'ஒன்' மாதிரி விதிக்குள் அடங்காத சொற்கள் வாரம் இரண்டு போதும். முரண்டு பிடிக்கும் எழுத்தை மட்டும் வட்டமிட்டுக் காட்டுங்கள், மிச்சத்தைச் சத்தப்படியே வாசிக்கட்டும்.

மழைக்காலத்தை மறக்கக் கூடாது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. தகரக் கூரையில் மழை இறங்கினால் 'ஸ், ஃப், த்' மூன்றும் பின்வரிசைக்குக் கேட்காது. அன்று புதுச் சத்தம் வேண்டாம். எழுதுகிற வேலை கொடுங்கள். சளியும் காதில் சீழும் கூடுதலாகத் தெரிவதும் அப்போதுதான். முன்பு நன்றாகச் சொன்ன சத்தத்தைத் திடீரென மாற்றிச் சொல்லும் பிள்ளை, கூப்பிட்டால் ஒரு பக்கமாகவே திரும்பும் பிள்ளை, உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, இவர்களுக்குக் காது சோதனைதான் முதலில். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அரசுப் பரிசோதனைக் குழுவிடம் அந்தப் பெயர்களைத் தனியே குறித்துக் கொடுங்கள். அவசரமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேரே போகலாம்.

காது நன்றாக இருந்து, தினமும் பயிற்சி கொடுத்து, இரண்டாம் வகுப்பு முடியும்போதும் மூன்று சத்தத்தைச் சேர்க்க முடியவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். போகும்போது மதிப்பெண் அட்டையை விட உதவுவது ஒரு தாள்தான்: பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த சத்தங்கள், எப்போதும் குழம்பும் ஜோடிகள், தமிழிலும் அதே குழப்பம் உண்டா, வீட்டில் பேசுவது எந்த மொழி. இந்த நாலு விவரமும் இருந்தால் அவர்கள் எங்கே தொடங்குவது என்று முதல் நாளிலேயே முடிவு செய்ய முடியும்.